கனமில்லாத கை

பேக்கரியின் பின்கட்டில் ஜன்னல் கிடையாது. மாவறை, அடுப்பறை என்று இரண்டு பெயர் இருந்தாலும் நடுவில் சுவர் இல்லை. எந்த இடத்தில் நின்றால் புருவத்து வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறதோ அது அடுப்பறை. பெரியவள் நிற்பது மாவறையில். விடியுமுன் வந்து, தலையில் துணி கட்டி, ஏப்ரன் நாடாவை முதுகில் சுற்றி முன்னால் முடிந்துகொண்டு மாவுத் தொட்டியின் முன் நிற்பாள். ரொட்டி மாவைப் பிசைய மிஷின் உண்டு. வெண்ணெயும் பாலும் சேர்கிற பன் மாவுக்கு மட்டும் மாஸ்டர் மிஷினை நம்புவதில்லை.

"மிஷினுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாதும்மா. இவளுக்குத் தெரியும்."

"அப்ப மிஷினுக்கு விடற எண்ணெயை இவளுக்கும் கொஞ்சம் விடுங்க மாஸ்டர். தோள்பட்டை கறகறங்குது. இங்க எனக்குக் கேக்குது" என்றாள் ரேடியோ.

ரேடியோ, ட்ரேக்களுக்கு வெண்ணெய் தடவுகிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் இப்போது புருஷனே ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். "ஆஃப் பண்ற பட்டன் எங்கன்னுதான் இன்னும் கண்டுபிடிக்கல, பாவம்."

அன்று தொட்டி விளிம்பின் மேல் சாய்ந்து அடிமாவை வழித்தெடுக்கும்போது பெரியவளுக்கு இடது மார்பில் எதுவோ உறுத்தியது. ஏப்ரன் முடிச்சு மேலேறிவிட்டது என்று நினைத்தாள். முடிச்சு இடுப்பில்தான் இருந்தது. குளிக்கும்போது கை வைத்துப் பார்த்தாள். தோலுக்கடியில் ஒரு கட்டி. தண்ணீர் படாமல் தப்பிப் போன மாவுக் கட்டி மாதிரி. வலி இல்லை. நகர்த்தினால் நகர்கிற மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது.

பயம் வரத்தான் செய்தது. ஆனால் பயத்தோடு கூடவே ஒரு தெம்பும் வந்தது. இதைப் பார்க்கிற ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறதே.

அம்மா இறந்துபோனபோது தங்கை சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அந்த வருஷமே பேக்கரிக்கு வந்துவிட்டாள். வந்த வரன்களை எல்லாம் "இவ படிப்பு முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டாள். ஒரு கட்டத்தில் வரன்களும் வருவதை நிறுத்திக்கொண்டன. அதைச் சொல்லி அவள் யாரிடமும் அலுத்துக்கொண்டதில்லை. ரேடியோ கிண்டினால், "மாவுக்கு வாழ்க்கைப்பட்டாச்சு. தினமும் அடிச்சாலும் திருப்பி அடிக்காது" என்பாள்.

சின்னவள் ஸ்கேன் எடுக்கிற படிப்பில் சேர்ந்தாள். மிஷின் கல்லூரியில்தான் இருந்தது; வீட்டில் பழக என்ன வழி? துணி துவைக்கிற சோப்பைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டாள். அக்காவின் முழங்கைக்குக் கீழே தண்ணீர் தடவி, சோப்புத் துண்டை அதன் மேல் வைத்து மெல்ல நகர்த்துவாள்.

"கண்ண மூடிக்கக்கா. கனமா, கனமில்லையா?"

"கனம்."

"இப்ப?"

"கனந்தாண்டி. ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கு."

"இப்ப?"

"வெச்சிருக்கியா இல்லியா?"

"அதான்! அதான் வேணும்!" சின்னவள் குதிப்பாள். "ரத்த ஓட்டம் பாக்கறப்ப இப்படித்தான் வைக்கணும். அமுக்கினா உள்ள இருக்கற பொடிக் குழாயெல்லாம் தட்டையாயிடும், கலரே வராது. கைய எடுத்ததும் பழையபடி ஓடும். ஆனா மிஷின் அதுக்குள்ள ஒண்ணுமே இல்லேன்னு படம் எடுத்துடும்."

"அப்ப மிஷின் பொய் சொல்லுமா?"

"மிஷின் எங்க சொல்லுது? கைதான் சொல்லுது."

பிறகு விடுமுறை நாட்களில் பழகுவதற்கு ஆள் கூட்டி வரலாம் என்று கல்லூரியில் அனுமதித்தார்கள். சின்னவள் அக்காவைக் கூட்டிப் போனாள். கழுத்து, வயிறு, கை, கால் என்று அவள் கற்றுக்கொண்டதெல்லாம் அக்காவின் உடம்பில்தான். கழுத்தில் வைத்தபோது திரையில் சிவப்பாக ஒன்று துடித்தது. பக்கத்தில் நீலமாக ஒன்று. பெரியவள் பயந்துவிட்டாள்.

"சிவப்புன்னா கெட்டதாடி?"

"கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. சிவப்புன்னா ரத்தம் நம்ம கைப்பக்கம் வருது. நீலம்னா நம்மள விட்டு எட்டிப் போகுது. அவ்வளவுதான்."

உடம்பையே பாடப் புத்தகமாகக் கொடுத்தவளுக்கு இந்த அளவுக்காவது தெரியாமல் போகுமா?

சின்னவள் இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறாள். அங்கே படம் எடுப்பது இவள்; டாக்டர் வேறொரு இடத்தில் இருந்து படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கல்யாணமாகி, ஒரு பையனும் பிறந்தாயிற்று. எல்லோரும் ஒரே வீட்டில்தான். மாப்பிள்ளை பார்சல் ஆபீசில் மதிய ஷிப்ட். அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். காலையில் பையனை அவர் வைத்துக்கொள்வார், மதியம் பேக்கரி வாசலில் பெரியவள் வாங்கிக்கொள்வாள், சாயங்காலம் சின்னவள் வருவாள். பையன் கை மாறிக் கை மாறி வளர்ந்தான்.

பார்சல் ஆபீஸ் ஆளாச்சே, அதனால் அவர் பையனைக் கொண்டுவந்து கொடுக்கும்போது ரேடியோ சும்மா விடுவதில்லை. "என்ன மாப்பிள்ளை, சரக்கு பத்திரமா வந்துதா? மேல 'உடையும் பொருள்'னு எழுதி ஒட்டியிருக்கலாமே?"

கட்டியைப் பற்றிச் சொன்ன அன்றே சின்னவள், "சாயங்காலம் கூட்டம் போனதும் வா" என்று சொல்லிவிட்டாள்.

அறையில் குளிர் அதிகம். கட்டில் மேல் சுருளிலிருந்து இழுத்துப் போட்ட காகிதம், பெரியவள் படுத்ததும் மொறமொறவென்றது. திரைச்சீலையில் ஒரு கொக்கி கழன்று தொங்கியது. சின்னவள் ஜெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றினாள். எல்லா நோயாளிக்கும் அப்படிச் செய்வாளாம், சொல்லியிருக்கிறாள்.

"காதுல மாவு ஒட்டியிருக்கு, பாரு. குளிச்சியா இல்லியா நீ?"

"குளிச்சேன்டி. காது வரைக்கும் தண்ணி வரல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னவள் கருவியை வைத்தாள். வைத்தாளா என்று பெரியவள் ஒரு நொடி யோசித்தாள், அவ்வளவு லேசு. மனசு நிறைந்தது. நம் கைக்குழந்தை என்ன அழகாகத் தொழில் கற்றிருக்கிறது.

திரை சின்னவள் பக்கம் திரும்பியிருந்தது. பெரியவளுக்குத் தெரிந்தது தங்கையின் மூக்குக் கண்ணாடிதான். அதில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. சின்னவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாகப் பொறி பறந்தது. அடுப்பில் கரி வெடித்தால் தெறிக்குமே, அந்த மாதிரி.

சின்னவள் பேச்சை நிறுத்தினாள். கை அப்படியே நின்றது. பொறிகள் கண்ணாடியில் மின்னி மின்னி மறைந்தன. சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கருவியைக் கொஞ்சம் சாய்த்தாள். கனம் ஏறியது.

"வலிக்குதுடி."

"பொறுத்துக்கக்கா. ஆழத்துல பாக்கணும்."

இன்னும் கனம். கண்ணாடியில் சாம்பல் மட்டும் மிஞ்சியது. டிக், டிக் என்று படம் எடுக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல. சாதாக் கட்டி. ரத்த ஓட்டமே இல்ல பாரு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பும் சாம்பலுமாக ஏதோ இருந்தது. பெரியவள் தலையை ஆட்டினாள். சின்னவள் காகிதத்தால் ஜெல்லைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நிமிரவே இல்லை.

"போதும்டி, தோலு உரிஞ்சு வந்துடும்" என்றாள் பெரியவள்.

அடுத்த வாரம் சின்னவள் வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பினாள். மூன்று மாதம். முடித்துவிட்டு வந்தால் சென்டரில் புதிதாகத் திறக்கிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பல நாளாகக் கிடைக்குமா கிடைக்காதா என்று இருந்த வாய்ப்பு. பையனுக்குப் பெரியம்மா இருக்கும் தைரியத்தில்தான் சரி என்று சொல்லியிருந்தாள். பஸ் ஏறும்போது அக்காவைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள்.

"மூணு மாசம் மூணு நிமிஷமாப் போயிடும். போ. இவன் இருக்கறப்ப எனக்கு அழக்கூட நேரமில்ல" என்றாள் பெரியவள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மாவு பொங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. மாஸ்டர் தொட்டிகளை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தார். பையனின் துணிகள் காயாமல் வீடெல்லாம் கொடி கட்டித் தொங்கின. சாயங்காலம் ஆனால் சின்னவள் போனில் வருவாள். பல் முளைச்சுதா, சளி விட்டுதா, என்னை ஞாபகம் வெச்சிருக்கானா, நீ நேரத்துக்குச் சாப்பிடறியா. எல்லாம் கேட்பாள். கட்டியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. ஒன்றுமில்லாததைப் பற்றி என்ன கேட்பது என்று பெரியவளும் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கட்டி இருந்தது. பையனை இடது தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கும்போது அவன் உடம்பு பட்டு உறுத்தியது. ஒரு நாள் குளியலறையில், கை தூக்கித் தலை துவட்டும்போது, அந்த இடத்துத் தோல் உள்ளே இழுத்துக் குழிந்ததைப் பார்த்தாள். மாவில் விரலால் குத்தினால் விழுகிற குழி மாதிரி. நல்ல மாவென்றால் குழி தானாக மேலே எழும்பிவிடும். இது எழும்பவில்லை.

ரேடியோவிடம் சொன்னாள். ரேடியோ வெண்ணெய்க் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அதுவே பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

"நீ பேசுடி ஏதாவது."

"பேசறேன். உன் தங்கச்சி சொன்னா உனக்கு வேதம். நான் இல்லேங்கல. ஆனா வேதத்தையும் ரெண்டாவது தடவை படிக்கறதில்லியா? நாளைக்கு என்கூட வர்ற."

"அவ கேட்டா வருத்தப்படுவா. அவ பார்த்ததுல நம்பிக்கை இல்லியான்னு."

"வருத்தப்பட்டா பஞ்சு குடுத்துத் தொடச்சுக்கச் சொல்லு. கெளம்பு."

ரேடியோ கூட்டிப் போன ஆஸ்பத்திரி பெரியது. வரிசையில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, மதியத்துக்கு மேல்தான் ஸ்கேன் அறைக்குள் விட்டார்கள். நரைத்த கொண்டை போட்ட டாக்டரம்மா. பக்கத்தில் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி. முதலில் அந்தப் பெண்தான் கருவியை வைத்தாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, சப்பாத்திக்கட்டையா அது? கையைத் தூக்கு" என்றார் டாக்டரம்மா. "ரத்த ஓட்டம் பாக்கறப்ப அமுக்கினா சின்னக் குழாயெல்லாம் மூடிக்கும். இருக்கறத இல்லேன்னு எழுதிட்டுப் போயிடுவ. இங்க கொண்டா."

டாக்டரம்மா வைத்தார். கனமே இல்லை.

இங்கே திரை இருவருக்கும் தெரிகிற மாதிரி சுவரோரம் இருந்தது. கறுப்பாக ஒரு வடிவம். விளிம்பு ஒழுங்காக இல்லை. டாக்டரம்மா பொத்தானை அமுக்கியதும் அதன் உள்ளேயும் சுற்றியும் சிவப்பும் நீலமும் பொறியாகப் பறந்தன. பெரியவள் அந்தப் பொறிகளை ஏற்கெனவே பார்த்திருந்தாள். அளவில் சின்னதாக, இரண்டு வட்டக் கண்ணாடிகளில்.



"முன்னாடி யாராவது ஸ்கேன் பாத்தாங்களாம்மா?"

"பாத்தாங்க. ரத்த ஓட்டமே இல்லேன்னாங்க."

"யாரு பாத்தது?"

"அவ கூடப்பொறந்தவதான் டாக்டர், பெரிய படிப்பு, கையி அப்படியே பூ மாதிரி..." என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

"இல்ல டாக்டர்" என்று பெரியவள் குறுக்கே சொன்னாள். "அவ பாக்கல. இது வேற யாரோ. பழகாத கை."

ரேடியோ வாயைத் திறந்து, பெரியவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்னார்: "கலரை மட்டும் வெச்சு நல்லது கெட்டது சொல்லிட முடியாதும்மா. நல்ல கட்டியிலயும் ரத்தம் ஓடும். ஆனா ஓரம் சரியில்ல, உள்ள இவ்வளவு குழாய் போகுது. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாத்தே ஆகணும். அதுதான் சொல்லும்."

அது சொல்லியது. முடிவு வந்த அன்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவளின் முழங்கால் மேல் கை வைத்துப் பேசினார். ஆபரேஷன் செய்ய வேண்டும். அப்புறம் மருந்து. அக்குளிலும் ஒரு நெறி கட்டியிருப்பது தெரிகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

"மூணு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, டாக்டர்? அக்குள் வரைக்கும் வந்திருக்காதா?"

"அதச் சொல்ல முடியாதும்மா. அப்ப நான் பாக்கலியே."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ரேடியோ குடையைப் பெரியவள் பக்கமே பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள்.

"பயத்துல செஞ்சிருப்பாளோ? சொந்த அக்காவாச்சே, கை நடுங்கியிருக்கும்."

"நடுங்கல" என்றாள் பெரியவள். "கல்லு மாதிரி இருந்துச்சு."

மாப்பிள்ளையிடம் அன்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டி பாதி வழியில் நின்றது.

"எப்படி அண்ணி? அவ பாத்தாளே? ஒண்ணுமில்லேன்னு என்கிட்டயும் சொன்னாளே?"

"சொன்னா."

"அன்னிக்கு வந்து சாப்பிடக்கூட இல்ல. மூணு மாசந்தானே, மூணு மாசந்தானே, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதுன்னு அவளே பேசிட்டிருந்தா. நான் பையனப் பிரிஞ்சு போறதச் சொல்றான்னு நெனச்சு, அட, பெரியம்மா இருக்காங்கல்ல, ஒண்ணும் ஆவாதுன்னு..."

பையன் கரண்டியை எட்டிப் பிடித்து வாய்க்கு இழுத்தான். மாப்பிள்ளை அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரிதான் துடைக்கிறார்கள் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"அவகிட்ட போன்ல சொல்லாதீங்க மாப்பிள்ளை. வர்ற வாரம் வந்துடுவா இல்ல. வரட்டும்."

அந்த ஒரு வாரமும் அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் எண்ணம் ஓடுகிற ஓட்டத்துக்குத் தடுப்பே இல்லை. அறியாதவள் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். வேற்று ஆள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். இவள் எந்தக் கையால் செய்தாளோ அந்தக் கையைப் பழக்கியதே தன் உடம்பு. அங்கேதான் போய் முட்டி முட்டித் திரும்பியது மனசு. பன் மாவு இரண்டு முறை கெட்டுப் போயிற்று. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அதை மிஷின் மாவோடு சேர்த்துவிட்டார்.

சின்னவள் வந்த அன்றும் மழை. நனைந்த பையோடு உள்ளே நுழைந்ததுமே பையனை வாரினாள். அவன் யாரோ என்று பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, பெரியம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அடப்பாவி! பெத்தவள மறந்துட்டியே!" சின்னவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். "அக்கா, நீ ரொம்ப இளைச்சுட்ட. இவன் படுத்தறானா? நான் வந்துட்டேன்ல, இனி நீ ரெஸ்ட் எடு. நாளைக்கே சென்டருக்கு வா, அந்தக் கட்டிய நான் மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்."

வாசல் தாண்டி இன்னும் செருப்பின் ஈரம்கூடக் காயவில்லை. இத்தனை நாள் போனில் வராத கட்டி இப்போது வந்துவிட்டது.

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகுமுன்னேயே ஷிப்டுக்குப் போனார்.

பெரியவள் டீ போட்டுக் கொடுத்தாள். சின்னவள் குடித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், துவைக்கிற இடத்திலிருந்து சோப்புத் துண்டை எடுத்து வந்து தங்கையின் கையில் கொடுத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். தன் முழங்கையை நீட்டினாள்.

"வெச்சுக் காட்டு."

"என்னக்கா இது, வெளையாட்டு?" சின்னவள் சிரித்தபடியே வைத்தாள். கனமே இல்லை.

"இப்படி இல்ல. அன்னிக்கு வெச்ச மாதிரி வை."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எப்படி இறங்குவது என்று தெரியாத மாதிரி.

"என்னிக்கு?"

"அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். அக்குள் வரைக்கும் போயிருக்காம். நீ சொல்லித்தான் தெரியணும்னு இல்ல பாரு, வேற எடத்துல பாத்தேன். பழகின கை. அன்னிக்கு வெச்ச மாதிரி வை."

சோப்பு வழுக்கித் தரையில் விழுந்தது.

"பயந்துட்டேன்க்கா. சத்தியமா. அதப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. கை என்னயறியாம..."

"உன் கண்ணாடியில பாத்தேன்டி. சிவப்பும் நீலமும் பறந்துச்சு. நீ பாத்துட்டே இருந்த. அப்புறந்தான் அமுக்கின. அமுக்கிட்டுப் படம் எடுத்த. என்னயறியாமன்னு எங்கிட்ட சொல்லாத. உன் கைய எனக்கு உன்னவிட நல்லாத் தெரியும்."

பையன் தவழ்ந்து போய்க் கிண்ணத்துத் தண்ணீரைத் தட்டினான்.

"மூணு மாசந்தானேன்னு நெனச்சேன்" என்றாள் சின்னவள். குரல் தரையைப் பார்த்துப் பேசியது. "வந்ததும் நானே பாத்து நானே சொல்லலாம்னு... இந்தத் தடவை விட்டா எனக்குக் கெடைக்காதுக்கா. உன்ன ஆஸ்பத்திரியில போட்டுட்டு, இவன யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்? நல்ல கட்டியாக்கூட இருக்கலாம்னு எனக்கு நானே சொல்லிட்டேன். கலர் வந்தா கெட்டதுன்னு இல்லியே, உனக்கே தெரியும்ல?"

"தெரியும். நீதான் சொல்லிக் குடுத்த."

"அக்கா..."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்டி. இப்படி இருக்கு, நான் போகட்டுமா இருக்கட்டுமான்னு. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

இரண்டு பேருக்கும் பதில் தெரியும். போ என்றுதான் சொல்லியிருப்பாள். ஊசியைப் போட்டுக்கொண்டு, ரேடியோவின் தலையிலாவது பையனைக் கட்டிவிட்டு, போ என்றுதான் சொல்லியிருப்பாள்.

"கையக் குடு" என்றாள் பெரியவள்.

தங்கையின் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மெலிந்த கை. புறங்கையில் ஒரு பச்சை நரம்பு மணிக்கட்டுப் பக்கம் ஓடியது.

"கண்ண மூடிக்க."

"வேண்டாம்க்கா."

"மூடு. கனமா, கனமில்லையா?"

பெரியவள் கட்டை விரலை வைத்தாள்.

"...கனமில்ல."

பெரியவள் அமுக்கினாள். மாவை அமுக்குகிற அமுக்கல் அல்ல. அன்று அந்தக் குளிர் அறையில் தன் மேல் இருந்த அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டை விரலை அங்கேயே அமுக்கி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் நரம்பை மணிக்கட்டுப் பக்கம் வழித்தாள்.

"இப்ப?"

"கனம்."

"கண்ணத் தெற. நரம்பு எங்க?"

நரம்பு இருந்த இடத்தில் வெறும் தோல் இருந்தது. வெளுத்து, தட்டையாக.

பெரியவள் இரண்டு விரலையும் எடுத்தாள். நரம்பு மெல்ல நிறைந்து, பச்சையாக எழும்பி, பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"நீ கைய எடுத்ததுமே எனக்கும் இப்படித்தான் ஓடியிருக்கும்" என்றாள் பெரியவள். "மூணு மாசமா ஓடிட்டேதான் இருந்திருக்கு. இவனத் தூக்கறப்ப, உன்னோட போன்ல சிரிக்கறப்ப."

பையன் தரையில் கிடந்த சோப்பை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் நீண்டது. சின்னவள்தான் பிடுங்கினாள். அவன் வீறிட்டு அழுதுகொண்டு பெரியம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். அவன் என்ன செய்தான், பாவம். பெரியவள் தூக்கிக்கொண்டாள். வழக்கம்போல இடது தோளில் தலையைச் சாய்க்க வந்தான். வலது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆபரேஷனுக்கு ரேடியோ வர்றா. நீ வர வேண்டாம். இவனப் பாத்துக்க."

"நான் வரேன்க்கா. நான்தான் வருவேன். என்ன என்ன வேணா சொல்லு, திட்டு, அடி..."

சின்னவளும் எழுந்தாள். பின்னால் வந்து அக்காவின் தோள் மேல் கை வைத்தாள்.

அந்தக் கையில் கனமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் வைத்திருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது.

"கைய எடு" என்றாள் பெரியவள்.